போர்ன்ஹோல்ம் தீவில் நாங்கள் கண்டதும் கேட்டதும்: மூன்று பயணிகளின் குறிப்புகள்

டென்மார்க்குக்குச் சொந்தமான ஒரு தீவுக்குப் போக, சுவீடனுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. 2014 ஜூன் மாதம் நானும் என் கணவரும் கோபன்ஹேகனில் ரயில் ஏறி, கடல்மேல் கட்டிய பாலத்தைக் கடந்து, சுவீடனின் தென்கரையில் இருக்கும் யூஸ்டாட் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து ஒரு மணி இருபது நிமிடம் கப்பலில் பயணம் செய்தோம். போர்ன்ஹோல்ம் தீவு சுவீடன் கரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலும், தன் தலைநகர் இருக்கும் ஷேலண்ட் தீவுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான தொலைவிலும் பால்டிக் கடலில் கிடக்கிறது. பரப்பு 588 சதுர கிலோமீட்டர்; மக்கள் சுமார் 40,000 பேர். வரைபடத்தில் பார்த்தபோது இந்தத் தூரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரொன்னே நகரில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மையார் பேசத் தொடங்கிய பிறகுதான், அத்தீவின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தத் தூரத்தால் விளைந்தது என்று உணர்ந்தேன்.

அவருக்கு அப்போது எண்பது வயதை நெருங்கியிருக்கும். தெருவின் ஒரு பக்கம் மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பிய பழைய வீடுகளும், மறுபக்கம் முழுக்க முழுக்க மரத்தாலான எளிய வீடுகளும் இருப்பதைக் கண்டு, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டேன். "நீங்கள் படுத்து உறங்குவதே சுவீடன்காரர்கள் கொடுத்த வீட்டில்தான்" என்று சொல்லிவிட்டு, காபியை ஊற்றியபடியே 1945ஆம் ஆண்டின் மே மாதத்தைச் சொல்லத் தொடங்கினார். மே 4 இரவு, டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியப் படை சரணடைந்த செய்தி வானொலியில் வந்தது. மறுநாள் டென்மார்க் முழுவதும் விடுதலையைக் கொண்டாடியது. ஆனால் போர்ன்ஹோல்மில் இருந்த ஜெர்மானியத் தளபதி, பிரிட்டிஷ் படையிடம் மட்டுமே சரணடைவேன், சோவியத் படையிடம் சரணடைய மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்தத் தொலைதூரத் தீவுக்கு ஒரு பிரிட்டிஷ் அதிகாரிகூட வரவில்லை. மே 7, 8 ஆகிய இரு நாள்களிலும் சோவியத் விமானங்கள் ரொன்னே நகரையும் கிழக்குக் கரையிலுள்ள நெக்ஸோ நகரையும் குண்டுவீசித் தகர்த்தன.

அம்மையாரின் தந்தை முதல் நாளே குடும்பத்தை உள்நாட்டில் இருந்த உறவினரின் பண்ணைக்குக் கூட்டிச் சென்றுவிட்டார். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் இரும்பு அடுப்பு மட்டும் நின்றதாகவும், அதன்மேல் தன் தாய் வைத்துவிட்டுப் போன பாத்திரம் அப்படியே இருந்ததாகவும் சொன்னார். சுவீடன் அந்த இரு நகரங்களுக்கும் 300 மரவீடுகளை நன்கொடையாக அனுப்பியது. மே 9 அன்று கரையிறங்கிய சோவியத் படையினர் 1946 ஏப்ரல் 5 வரை தீவிலேயே இருந்தார்கள். "கோபன்ஹேகனில் மே 4 இரவு ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். என் தாய் கடைசிவரை ஏற்றவில்லை" என்றார். கோபமின்றி, நாற்காலியை நகர்த்தி வைக்கச் சொல்வதுபோன்ற சாதாரணக் குரலில் சொன்னார். அவர் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

தலைநகரின் கைக்கு எட்டாத இடமாக இருந்தது போர்ன்ஹோல்முக்குப் புதிதல்ல. 1525 முதல் 1576 வரை ஜெர்மனியின் லூபெக் நகரத்து வணிகர்களின் ஆட்சியில் தீவு இருந்தது. 1658இல் போரில் தோற்ற டென்மார்க், உடன்படிக்கைப்படி தீவைச் சுவீடனுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், வரி வசூலிக்கவும் ஆள் திரட்டவும் வந்திருந்த சுவீடன் தளபதி பிரின்ட்சென்ஷெல்டைத் தீவுக்காரர்கள் ரொன்னே தெருவில் சுட்டுக்கொன்று, தீவைத் தாங்களே மீட்டு டேனிஷ் அரசரிடம் ஒப்படைத்தார்கள். முன்னின்று நடத்திய யென்ஸ் கோஃபோட் பெயரை அம்மையார் தம் வீட்டு மூத்தவரைச் சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் வடகோடியில் உள்ள ஹம்மர்ஸ்ஹூஸ் கோட்டைக்குப் போனோம். கடலுக்கு 74 மீட்டர் மேலே கருங்கல் பாறையில் நிற்கும் இந்த இடிபாடு, வட ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய கோட்டை இடிபாடு என்று சொல்லப்படுகிறது. காவலர் வெளியேறிய 1743க்குப் பிறகு, 1822இல் பாதுகாப்பு அறிவிக்கப்படும்வரை மக்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்ட எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நான்காம் கிறிஸ்டியன் அரசரின் மகள் லியோனோரா கிறிஸ்டினாவும் அவர் கணவர் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்டும் 1660இல் இங்கே சிறைவைக்கப்பட்டார்கள். படுக்கைத் துணிகளையும் கயிற்றையும் முடிச்சிட்டு இருவரும் இரவில் கோபுரத்திலிருந்து இறங்கித் தப்பினார்கள். விடியும்போது அருகிலிருந்த சான்ட்விக் கிராமத்தில் பிடிபட்டார்கள். அந்தச் சுவரின் உயரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது: முந்தைய நாள் எங்களைத் தீவுக்குக் கொண்டுவந்த கப்பலின் பெயர் லியோனோரா கிறிஸ்டினா.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. நான் பார்த்தது அதே தீவின் அமைதியான பக்கம். நான்கு நாள் மிதிவண்டியில் சுற்றினேன். சமதரையான டென்மார்க்கில் பழகிய கால்களுக்கு இங்கே வேலை அதிகம், ஏனெனில் வடக்கும் நடுப்பகுதியும் 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கருங்கல்லால் ஆனவை. டென்மார்க்கில் அடிப்பாறை வெளியே தெரியும் இடம் இது ஒன்றுதான். தென்முனையில் டூஓடே கடற்கரையை அடைந்தால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது: மணற்கடிகாரங்களில் இட்டு விற்கும் அளவுக்கு மென்மையான வெண்மணல் விரலிடுக்கில் நிற்பதே இல்லை.

தீவில் 12ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டிய நான்கு வட்டத் தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரியது ஒஸ்டர்லார்ஸ். நான் உள்ளே போனபோது பராமரிப்பாளர் ஒருவர் தனியாக நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூண் என்று நான் நினைத்துச் சுற்றிவந்தது உண்மையில் தூணன்று; நடுவே குடைவாக, வளைவு வாயில்களுடன் கட்டப்பட்ட சிறு அறை. அதன் வெளிப்புறத்தைச் சுற்றி இயேசுவின் வாழ்வும் இறுதித் தீர்ப்பும் ஓவியமாக ஓடுகின்றன. இவ்வளவு தடித்த சுவர் எதற்கு, கடற்கொள்ளையருக்கு அஞ்சியா என்று கேட்டேன். "அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், நான் முப்பது ஆண்டாகத் துடைக்கிறேன், எனக்கு இது தொழுகைக்கான இடம் மட்டுமே" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை. சிறியதான நுய்கெர் தேவாலயத்தையும் தவறவிடாதீர்கள்; 1618, 1654ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இறந்தவர்களின் நினைவுப் பலகை அங்கே இருக்கிறது.

குட்யெம் என்ற மீனவக் கிராமத்தில் ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டும் கூடத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் மீன்களுக்குக் கீழே ஆல்டர் மரக்கட்டை எரிகிறது. தீ கொழுந்துவிடும்போதெல்லாம் நீண்ட கழியின் நுனியில் கட்டிய ஈரத்துணியால் ஒருவர் அதை அடக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளியாகப் போன மீன் சில மணி நேரத்தில் பொன்னாகித் திரும்புகிறது. அதை ரை தானிய ரொட்டியில் வைத்து, பச்சை முட்டைக் கரு, வெங்காயத்தாள் போன்ற ஒரு கீரை, முள்ளங்கி, கல்லுப்பு ஆகியவற்றோடு தருகிறார்கள். அதன் பெயர் 'குட்யெமின் மேல் சூரியன்'. மஞ்சள் கருதான் அந்தச் சூரியன். கிழக்கு பால்டிக்கில் காட் மீன் பிடிக்க 2019 முதல் தடை இருப்பதால் நெக்ஸோ துறைமுகத்தில் படகுகள் வெறுமையாக நிற்பதாக, அந்தத் தீயை அடக்கியவர் சொன்னார். தம் இரு அண்ணன்மார் மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டார்களாம். சுற்றுலா நூல்களில் இதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

* * *

குட்யெம் வரை போனவர்கள் அங்கிருந்து ஒரு மணி நேரப் படகில் கிறிஸ்டியான்சோவுக்கும் போயிருக்கலாம். போர்ன்ஹோல்முக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள இந்தச் சிறு தீவில் 1684இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் கடற்படைக் கோட்டை கட்டினார். இப்போதும் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. நூறு பேருக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். கார் கிடையாது. பறவைகளைக் காப்பதற்காகப் பூனையும் நாயும் வளர்க்க அனுமதி இல்லை.

முழு அதிகாரம் கொண்ட மன்னராட்சி வேண்டாம், அரசியலமைப்பு வேண்டும் என்று கேட்டதற்காக 1820இல் கைதான டாம்பே என்ற அறிஞர், 1826 முதல் 15 ஆண்டுகள் இந்தத் தீவில் சிறைப்பட்டிருந்தார். டென்மார்க்குக்கு 1849இல் அரசியலமைப்பு கிடைத்தது. அவரை அடைத்த இடத்தைத் தேடிக் கோட்டைச் சுவரோரம் நான் விரைந்து நடந்தபோது, எதிரே வந்த மூதாட்டி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். என் காலுக்கு ஒரு முழம் முன்னால், கற்களுக்கிடையே, ஈடர் வாத்து ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. சாம்பலும் பழுப்புமான அதன் இறகு பாறையின் நிறத்திலேயே இருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. "மே மாதத்தில் இந்தப் பாதை அவளுடையது, நாம் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவோம்" என்று சொல்லி, அவரே முன்னால் நடந்து எனக்கு வழி காட்டினார்.