சார்கோமா (சதையிலும் எலும்பிலும் வரும் புற்றுநோய்க் கட்டி) எடுத்த இடத்தில் சதை வைத்துத் தைத்தவர்கள் இருக்கிறீர்களா?

உப்புவெளித் தம்பி:
அப்பாவுக்குக் கெண்டைக்காலில். கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து வெட்டியதில் எலும்பு தெரிந்தது. தொடையிலிருந்து தோலும் சதையும் இரத்தக்குழாயோடு எடுத்து அங்கே வைத்தார்கள், கொழும்பில். எனக்கு ஒபரேசன் முடிந்த அன்றைய இரவுதான் மனதை விட்டுப் போகவில்லை. மணிக்கொருதரம் மிஸ்ஸி (தாதி) வந்து டோர்ச் அடித்து, புதுச் சதையை விரலால் அமத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பா. பிறகு டொப்ளர் என்ற கருவியை வைத்தால் இரத்தம் ஓடும் சத்தம் ஷூ ஷூ என்று கேட்கும். விடியப்புறம் வைத்தா, சத்தம் இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தா. இல்லை. சதை கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் விறுவிறென்று நடந்து போனா. அப்புறம் திரும்பவும் தியேட்டர். நாளத்தில் இரத்தம் கட்டியிருந்ததாம், திறந்து எடுத்தார்கள். சதை பிழைத்தது. அப்பாவுக்கு அந்த இரவு ஞாபகமே இல்லை!

மூதூர் மாமா:
தம்பி, பிழைத்தது பெரிய காரியம். எனக்கு ஒரு தனியார் இடத்தில் கொழுப்புக் கட்டி என்று ஸ்கேன் எடுக்காமலே அறுத்துவிட்டார்கள். ரிப்போட்டில் சார்கோமா. பிறகென்ன, தையல் போட்ட இடம் முழுவதையும் சேர்த்து இன்னும் அகலமாக வெட்ட வேண்டி வந்தது. 5 சென்ரிமீற்றருக்கு மேல் போன கட்டி, ஆழத்தில் கிடக்கிற கட்டி என்றால் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அடுத்தது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயொப்சி, கத்தி அதற்குப் பிறகுதான். சரி, அதை விடுங்கள். கட்டிலில் இருந்து காலைத் தொங்கப்போட்ட முதல் நாளைத்தான் சொல்ல வந்தேன். 5 நிமிடம் மட்டும். கீழே இறங்கும் இரத்தத்துக்குப் புதுச் சதை பழக வேண்டுமாம். தொங்கப்போட்டதும் நாவல் நிறமாகி, வெடிக்கப்போவதுபோல் இறுகியது. பிசியோப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தபடி "இன்னும் ஒரு நிமிசம் ஐயா" என்றா. இரவு முழுக்க வள்ளத்தில் நின்று வலை இழுத்தவன் நான். அந்த ஒரு நிமிடம் போகவேயில்லை.

சாம்பல்தீவு மாமி:
என் தங்கச்சிக்கும் தொடையில் எடுத்தது, சுகமாக இருக்கிறாள். தம்பி, அப்பாவின் சாப்பாட்டைக் கவனியுங்கோ. இறால், நண்டு, கணவாய், சூரை ஒன்றும் வேண்டாம், எல்லாம் கிரந்தி, புண்ணைக் கிளறும். கத்தரிக்காயும் தக்காளியும் கூடாது. முட்டையைத் தொடவே வேண்டாம், காயம் சீழ் பிடிக்கும். முருங்கையிலைச் சொதி, பத்தியக் குழம்பு, பால் கஞ்சி போதும். காயம் ஆறியதும் ஒரு காலைப்பொழுதில் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெந்நீர்க் கிணறு ஏழிலும் வார்த்துவிடுங்கோ, இறுக்கம் இளகும். சுருட்டுப் பிடிப்பவர் என்றால் அதையும் குறைக்கச் சொல்லுங்கோ.

கிண்ணியாத் தங்கச்சி:
மாமி, கோபிக்காதீங்க. சுருட்டைக் குறைப்பது போதாது, ஒபரேசனுக்குக் கிழமைக்கணக்காக முன்பே நிறுத்த வேண்டும். நிகொடின் இரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், வைத்த சதை அழுகும். மீனையும் முட்டையையும் மறித்தால் சதை எதைக்கொண்டு வளரும்? ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்றால் விடலாம், அது வேறு கதை. எங்கள் உம்மாவுக்கு முதலில் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தபடியால் காயம் ஆறவே சுணங்கியது. வாட்டு டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டது முட்டை சாப்பிட்டாவா என்றுதான்.

வெந்நீர் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். வைத்த சதைக்கு உணர்ச்சி இல்லை. ஒரு மஃரிப் நேரம் உம்மா திண்ணையில் காலை நீட்டி இருந்தா. எனக்கு ஏதோ கருகிய மணம். பார்த்தால் நுளம்புத்திரி காலில் முட்டிக்கொண்டு புகைகிறது, அவ பக்கத்து வீட்டாரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறா! அந்தப் புண் ஆற எடுத்த காலத்தை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. கன்னியாவுக்குப் போனாலும் நல்ல காலை முதலில் நனைத்துச் சூடு பாருங்க. காயத்தில் ஒட்டத் தோல் செதுக்கி எடுத்த தொடைதான் உம்மாவுக்குக் கூட வலித்தது, அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சாம்பல்தீவு மாமி:
முட்டையை விடுங்கோ பிள்ளை, இறால் கிரந்திதான். எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து பார்க்கிறோம்.

உப்புவெளித் தம்பி:
அப்பாவுக்கு இறால் பிடிக்காது மாமி. வீக்கத்துக்குப் போடச் சொன்ன இறுக்கமான காலுறையை இந்த வெயிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூதூர் மாமா:
இரண்டு சோடி வாங்கு. ஒன்று கொடியில், ஒன்று காலில். காலையில் வீக்கம் ஏறுமுன் கட்டிலில் வைத்தே போட்டுவிடு.