புதுப்பிப்பு: நூலகச் சான்றிதழ், வகைப்பாட்டுத் தாளில் தேறிவிட்டேன்

திருமங்கலத்தில் கடை வேலை பார்த்தபடி தொலைநிலைக் கல்வியில் நூலகச் சான்றிதழ் படிக்கிறேன், டூயி தசம வகைப்பாடு (புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறை) மண்டையில் ஏறவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. தேறிவிட்டேன்.

கைகொடுத்தது, கிளை நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கித் தரச் சொன்ன யோசனைதான். தினமும் மாலையில் ஒரு மணி நேரம். முதல் நாளே 894.8113 என்ற தமிழ் நாவலை 894.814 என்ற கன்னட நூலுக்குப் பின்னால் செருகினேன். "புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள் தம்பி, மூன்றாவது இடத்தில் ஒன்றா நான்கா?" என்றார் நூலகர் அம்மா. இரண்டு மாதம் பாடநூலில் புரியாதது அலமாரி முன்னால் நின்றபோது புரிந்துவிட்டது. எண்களை மனப்பாடம் செய்யும் யோசனை எனக்கு உதவவில்லை.

எதிர்பாராமல் காலை வாரியது பட்டியலாக்கம், அதாவது ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் நூலகப் பட்டியலில் பதிவது. தமிழ்ப் பெயரில் இயற்பெயர் முன்னால் வரவேண்டும், தலைப்பெழுத்து பின்னால்: ரங்கநாதன், எஸ். ஆர். வாழ்நாள் முழுக்க இனிஷியலை முன்னால் போட்டே பழகிய கை. மாற்றி எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். பட்டியல் அட்டை எழுதிப் பழகிவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.