அப்பாவின் ஏஎஃப்பி ஏறுகிறது, பிவ்கா பரிசோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அப்பாவுக்கு வயது 63. ஹெபடைடிஸ் சி இருந்தது, சோஃபாஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகளில் வைரஸ் முழுசாகப் போய்விட்டது. ஆனால் அதற்குள் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போவது) வந்துவிட்டதால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர போகாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நாங்களும் விடாமல் எடுத்து வருகிறோம்.

சிக்கல் இதுதான். சிகிச்சை முடிந்ததும் 5-க்கு இறங்கிய ஏஎஃப்பி, போன தடவை 8, இப்போது 13. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குள்தான் இருக்கிறது, ஸ்கேனிலும் கட்டி இல்லை, அதனால் அடுத்த முறை பார்க்கலாம் என்கிறார்கள். சரி, வைரஸே இல்லாதபோது ஏஎஃப்பியை ஏற்றும் கல்லீரல் அழற்சியும் அடங்கியிருக்க வேண்டுமே, அப்புறம் ஏன் ஏறுகிறது? ஆரம்பக் கட்டக் கட்டிகள் பலவற்றில் ஏஎஃப்பி இயல்பாகவே இருக்கும் என்பதால் அந்த 20 எனக்குத் தைரியம் தரவில்லை.

ஜப்பானில் ஏஎஃப்பி-எல்3 (ஏஎஃப்பியின் ஒரு வகை), பிவ்கா-2 (கல்லீரல் புற்றுநோயைக் காட்டும் இன்னொரு ரத்தப் புரதம்) இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மதுரையிலோ சென்னையிலோ யாராவது எடுத்திருந்தால் எந்த லேப், எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். முக்கியமாக, அப்பா இதய வால்வுக்காக வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார், புற்றுநோய் இல்லாவிட்டாலும் அந்த மாத்திரையே பிவ்காவை ஏற்றிவிடும். இதே நிலையில் இருப்பவர்களுக்கு டாக்டர் என்ன வழி சொன்னார்? எல்3 மட்டும் பார்த்தார்களா, நேராக எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்களா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் தெரிந்தால் கேட்க வசதியாக இருக்கும்.