வெள்ளத்தில் மூழ்கிய 9.9 மோட்டார்: இன்ஜின் வேலை பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

தாழங்குடா பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பைபர் படகில் இருப்பது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டுகிற மோட்டார்), இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடுவது. தானே புயலில் இருந்ததெல்லாம் போன பிறகு 2012இல் அப்பா கடன் வாங்கிப் போட்ட மோட்டார். 2024இல் ஃபெஞ்சல் புயல் முடிந்து டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் கொட்டகைக்குள் புகுந்தது. மோட்டார் ஸ்டாண்டில் நின்றபடியே சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது, மூன்று நாள் கழித்துத்தான் எங்களால் கிட்டேயே போக முடிந்தது. கழுவி, பிளக்கு மாற்றி, கார்பரேட்டர் பிரித்துச் சுத்தம் செய்ததும் ஓடிவிட்டது, அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் நெத்திலிக்கும் நண்டுக்கும் போய் வந்தோம். இப்போது கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தால்தான் பிடிக்கிறது, வலை ஏற்றி வரும்போது இழுவையே இல்லை. போன வாரம் முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தில் நின்றே போய்விட்டது. அப்பாவும் நானும் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, போர் அடித்து, அதாவது சிலிண்டர் சுவரைக் கடைந்து, பிஸ்டன் செட் மாற்ற 42 ஆயிரம் கேட்கிறார். புதுசு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும்போல. அப்பா பழையதை விடக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?

வீராம்பட்டினம்:

தம்பி, 42 ஆயிரத்துக்கு இப்போதே தலையை ஆட்டிவிடாதீர்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற அழுத்தம், பார்த்தாரா? இரண்டு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் மாட்டிக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பது முக்கியம், பத்து சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. அப்புறம், குறைவாகக் காட்டுவது மேல் சிலிண்டரா, கீழ் சிலிண்டரா என்று மறக்காமல் எழுதுங்கள்.

தாழங்குடா பையன்:

இன்றைக்குப் பார்த்தோம் அண்ணே. கேஜில் மேல் சிலிண்டர் 112, கீழ் சிலிண்டர் 65.

முதுநகர் பட்டறை:

இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கூலிங் குறைந்து சூடேறிய மோட்டார் என்றால் பெரும்பாலும் மேல் சிலிண்டர்தான் முதலில் அடி வாங்கும். கூலிங் தண்ணீரை ஏற்றுகிற இம்பெல்லர் தேய்ந்து தண்ணீர் குறையும்போது மேலே ஏறுவதுதான் முதலில் நிற்கும். உங்களுக்குப் போயிருப்பது கீழ் சிலிண்டர், மோட்டாரும் நின்றபடி மூன்று நாள் மூழ்கியிருக்கிறது, உள்ளே போன தண்ணீர் அடியில்தான் தங்கும். எனக்குச் சந்தேகம் பிஸ்டன் மேல் இல்லை, கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) அடி பேரிங் மேல்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்குக்குத் தனி ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலந்து வருவதுதான் அதற்கு எண்ணெய். அந்தக் கலவை கிராங்க் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் மேலே சிலிண்டருக்குப் போகிறது. அப்படியானால் பேரிங்கில் துரு இருந்தால் அந்தத் தூளும் கூடவே ஏறிப்போய் பிஸ்டனையும் சுவரையும் கீறும். கிராங்கைப் பார்க்காமல் போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டால் அந்தப் புதுசையும் அதே தூள் தின்றுவிடும், 42 ஆயிரம் ஒரு சீசனில் கடலோடு போகும். தண்ணீரில் விழுந்த மோட்டாரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, ஓடவைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். நீங்கள் கிட்டே போக முடியவில்லை, அதற்கு யாரும் என்ன செய்ய முடியும்.

பிரிப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பிளக்கு இல்லாமல் ஃபிளைவீலை (மோட்டார் தலையில் கிராங்கோடு சுற்றுகிற சக்கரம்) கையால் மெதுவாகச் சுற்றுங்கள், மணல் அரைபடுவது மாதிரி கைக்குத் தெரிகிறதா? அதையே மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் முடிந்தது. பிரிக்கும்போது உப்பு பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருப்ப விடாதீர்கள், அலுமினிய பிளாக்கில் ஸ்டீல் போல்ட் கட்டியாகப் பிடித்திருக்கும், சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். முறிந்துவிட்டால் அதை எடுக்கிற கூலி தனி. பிரித்துப் பார்க்கிறதுக்கு மட்டும் கூலி பேசுங்கள், மீதியைப் பார்த்த பிறகு பேசலாம்.

நல்லவாடு கடல்:

முதுநகர் அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் பழையது என்றாலே தூக்கிப் போட வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னுடையதும் அதே வயசு மோட்டார்தான், பிஸ்டன் ரிங் போனது, 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டுகிறேன், இரண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. என் மோட்டார் ஒரு நாளும் தண்ணீரில் மூழ்கியதில்லை, கிராங்க் கண்ணாடி மாதிரி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்தால் முதல் பத்து மணி நேரம் ஆயிலை இரட்டிப்பாகக் கலக்கவும். வழக்கமாகப் பத்து லிட்டருக்கு 200 மில்லி என்றால் அப்போது 400. பலர் இதை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் திட்டுகிறார்கள்.

வீராம்பட்டினம்:

புதுசுதான் என்று முடிவானால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தனிநபருக்குப் பொதுப் பிரிவில் 40 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் என்று மானியம் வைத்திருந்தார்கள். மோட்டாருக்கும் அது உண்டா, இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் கேளுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்வார்கள். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், ஆயில் கலக்கிற வேலையும் இல்லை. ஆனால் கனம் அதிகம். தாழங்குடாவில் படகைக் கரையில் ஏற்றி மோட்டாரைத் தோளில் தூக்கிப் போகிறவர்கள் நீங்கள், தினமும் அந்தக் கனத்தை யோசியுங்கள். அதோடு அதைக் கண்டபடி படுக்க வைக்க முடியாது, சொன்ன பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருக்கிற ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

தாழங்குடா பையன்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்றுதான் பிரித்தோம். ஃபிளைவீலைச் சுற்றும்போதே கரகரவென்று தெரிந்தது. அடி பேரிங் ரோலர்களில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் துரு, விரலால் தடவினால் செம்மண் மாதிரி ஒட்டுகிறது. கீழ் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்கு மூன்று கோடு. பிளாக்கில் ஒரு போல்ட் முறிந்தும் போனது. கிராங்கையும் சேர்த்தால் 42 என்பது 78 ஆகும் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார், 78 கொடுத்தாலும் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். அதை நேர்மையாகச் சொன்னதுக்கு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா அந்த ரோலரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முகத்துவாரத்துல இன்னொரு தரம் நிக்கக் கூடாதுடா" என்றார். அவ்வளவுதான், டூ ஸ்ட்ரோக்கே புதுசாக வாங்குவது என்று முடிவு, திங்கட்கிழமை மீன்வளத் துறை அலுவலகம் போகிறோம்.

கியர் இருக்கிற கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது, கியர் ஆயில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகாமல் தெளிவாகத்தான் இருந்தது, பல்லும் தேயவில்லை. புரொப்பெல்லர், கார்பரேட்டர், மேல் சிலிண்டர் பிஸ்டன் எல்லாம் இருக்கிறது. இங்கே யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் கைப்பிடி மட்டும் கிடையாது, அதை அப்பா கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டார்.