புடவைக் கடை தரும் அனுசரணை: இந்த நிபந்தனைகளுக்கு என்ன பதில் சொல்வது?

சபாமண்டபம்:

வணக்கம். கொழும்பில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சிகளுக்காக ஓர் இணையத்தளத்தைத் தனியாளாக நடத்திவருகிறேன். அரங்கேற்றம், நூல் வெளியீடு, நாடகம், கோயில் திருவிழா எதுவானாலும் நாள், நேரம், இடம், அனுமதி இலவசமா என்ற விவரங்களோடு வெளியிடுவேன். கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சரஸ்வதி மண்டபம் என்று மண்டபவாரியாகவும் தேடலாம். மாதம் ஏறக்குறைய 12,000 பேர் வருகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினர் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்கள். வாராந்த மின்னஞ்சல் மடலை 1,800 பேர் பெறுகிறார்கள்.

காலி வீதியில் உள்ள ஒரு புடவைக் கடை, மாதம் 25,000 ரூபா வீதம் ஓர் ஆண்டுக்கு அனுசரணை தர முன்வந்திருக்கிறது. இதுவரை கைக்காசில் ஓடிய தளம், ஆகவே மகிழ்ச்சிதான். வரைவு ஒப்பந்தத்தைப் படித்த பிறகுதான் கலக்கம். வேறு எந்த நிறுவனத்தின் விளம்பரமும் தளத்தில் வரக்கூடாது. கடையைப் பற்றி மாதம் இரண்டு கட்டுரைகள் வேண்டும், அவற்றில் உள்ள இணைப்புகளை எந்தக் குறிப்பும் இல்லாமல் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். மடல் பெறுவோரின் முகவரிகளைக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சிப் பட்டியலை வெளியிடுமுன் அவர்களுக்குக் காட்ட வேண்டும், ஏனென்றால் போட்டிக் கடைகள் அனுசரணை தரும் நிகழ்ச்சிகள் அதில் வந்துவிடக்கூடாதாம். பணமோ ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாட்களில்.

தொகையைக் கூட்டிக் கேட்பதா, நிபந்தனைகளைக் குறைக்கச் சொல்வதா? இரண்டையும் கேட்டால் விலகிப்போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. வெளிநாட்டு வாசகர்களின் எண்ணிக்கையை அவர்களிடம் சொல்லாமல் விடலாமா? உள்ளூர்க் கடைக்கு அவர்களால் என்ன பயன்?

கொட்டாஞ்சேனை வாசகன்:

கையெழுத்துப் போடுங்கள். தமிழில் நடத்தும் தளத்துக்கு யார் பணம் தருகிறார்கள்? வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைக்க வேண்டாம்.

விளம்பரப் பிரிவு:

மேலே சொன்னதைக் கேட்க வேண்டாம் அக்கா. நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். நிறுவனங்களுக்காக விளம்பர இடம் வாங்குவதுதான் என் வேலை. நீங்கள் வைத்திருப்பது ஏதோ பெரிய ஒப்பந்தத்திலிருந்து பிரதி எடுத்த வரைவாக இருக்கும். பாதி நிபந்தனைகளைக் கடைக்காரரே படித்திருக்க மாட்டார். கேட்டுப் பார்ப்பதில் செலவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் வெளிநாட்டு வாசகர்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், அவர்களைத்தான் முன்னால் வைத்துப் பேச வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆவணிக் கல்யாணத்துக்கும் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்துப் புடவை எடுப்பவர்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பு மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று தேடுகிறவர் பயணச்சீட்டு எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த வாடிக்கையாளர் விமானம் ஏறுமுன்பே கடையின் பெயரைப் பார்க்கிற இடம் உங்கள் தளம்தான். மாதம் 12,000 பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டினால் முகநூல் விளம்பரத்தோடு ஒப்பிட்டு உங்களை மடக்கிவிடுவார்கள். யார் வருகிறார்கள், எந்த மாதத்தில் வருகிறார்கள் என்று காட்டினால் ஒப்பிட ஆளில்லை.

அடுத்தது, வேறு யாருடைய விளம்பரமும் வரக்கூடாது என்ற தனியுரிமை நிபந்தனை. அவர் அஞ்சுவது பக்கத்துப் புடவைக் கடைக்கு. செட்டியார் தெரு நகைக்கடையோ புகைப்படக்காரரோ மண்டப அலங்காரம் செய்பவரோ வந்தால் அவருக்கு என்ன நட்டம்? ‘தடை புடவை மற்றும் ஆயத்த ஆடை விற்பவர்களுக்கு மட்டும்’ என்று எழுதித் தாருங்கள். முழுத் தளத்தையும் பூட்டத்தான் வேண்டும் என்றால், வரக்கூடிய மற்ற அனுசரணைகளின் தொகையும் சேர்த்து மூன்று மடங்கு கேளுங்கள். கேட்ட உடனே குறுகிய வடிவத்துக்கு இறங்கிவருவார்.

பட்டியலை முன்கூட்டிக் காட்டுவது மட்டும் பேரத்துக்கு உரியதல்ல. போட்டிக் கடை அனுசரணை தந்த அரங்கேற்றத்தை நீங்கள் விட்டுவிட்டால், அடுத்த மாதம் உங்கள் தளத்தை யாரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒன்று கொடுக்கலாம்: அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் பக்கத்தில் அவருடைய பதாகை தோன்றாது என்று உறுதி. அவர் கூச்சப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான்.

தேடுபொறிக்காரன்:

இணைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பணம் வாங்கி வைக்கும் இணைப்பைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது கூகுளின் விதி. ‘ஸ்பான்சர்ட்’ என்ற தனிக் குறிச்சொல்லை 2019இல் இதற்காகவே அறிமுகப்படுத்தினார்கள். இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் பழைய ‘நோஃபாலோ’ குறிச்சொல்லும் செல்லும். குறிப்பில்லாமல் வைத்துப் பிடிபட்டால் தேடல் முடிவுகளில் தளம் கீழே போகும். ‘உங்களுக்காகத்தான் சொல்கிறேன், நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் வாசகர் கூட்டமே இதனால் காணாமல் போய்விடும்’ என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். ‘நிரந்தரமாக’ என்பதை ‘ஒப்பந்தக் காலம் முடியும்வரை’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் பட்டியலைக் கொடுக்கவே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிகழ்ச்சி விவரத்துக்காக முகவரி தந்தவர்களுக்குக் கடையிலிருந்து தள்ளுபடி அறிவிப்பு வந்தால் அடுத்த நாளே விலகுவார்கள். கடைச் செய்தியை உங்கள் மடலில் நீங்களே ‘அனுசரணை’ என்று தலைப்பிட்டுப் போடுங்கள்.

பேரேடு:

பணம் கைக்கு வரும் நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. காலாண்டு முடிந்து 60 நாள் என்றால், முதல் மாத வேலைக்கு ஐந்தாம் மாதம் பணம். நீங்கள்தான் கடைக்குக் கடன் கொடுக்கிறீர்கள்! ஒவ்வொரு மாதமும் முற்பணமாகக் கேளுங்கள்.

இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. தனிநபருக்கு ஒரு மாதத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் செலுத்தினால் 5 வீதத்தை வரியாக நிறுத்திவைக்கும் முறை 2023 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மாதம் 35,000 என்று பேசி, காலாண்டுக்கு 105,000ஐ ஒன்றாகக் கொடுத்தால், கணக்குப் பிரிவு 5,250ஐக் கழித்துக்கொண்டு 99,750தான் தரும். அதே தொகை மாதாமாதம் வந்தால் அந்த எல்லையைத் தொடாது. கழித்தாலும் காசு தொலைந்துபோவதில்லை, சான்றிதழை வாங்கி வைத்து ஆண்டு வருமான வரி விவரத்திரட்டில் கணக்குக் காட்டலாம். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் எத்தனை முறை தொலைபேசி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெறுமதி சேர் வரிக்குப் பதியாதவர் விலைச்சிட்டையில் 18 வீதத்தைச் சேர்க்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகன்:

சரி, கையெழுத்துப் போடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இவ்வளவையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் விற்பனை அலுவலர் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். இப்படிப்பட்ட கடைகளில் முடிவு முதலாளியுடையது. நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில் வேண்டாம், கல்லாவைவிட்டு எழும்பமாட்டார்.

சபாமண்டபம்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளியைச் சந்தித்தேன். வரைவைக் காட்டியபோது, முகவரிப் பட்டியல் கேட்டிருப்பது அவருக்கே தெரியவில்லை. விளம்பரப் பிரிவுத் தம்பி சொன்னது சரிதான். ஆவணிக் கணக்கைச் சொன்னதும் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் மகளோடுதான்.

35,000 கேட்டேன், 30,000இல் நின்றது. மாதம் முதலாம் வாரத்தில் முற்பணம். வேறு விளம்பரம் வரக்கூடாது என்ற தடை மற்ற ஆடைக் கடைகளுக்கு மட்டும். கட்டுரை மாதம் ஒன்று, தலைப்புக்கு மேலே ‘அனுசரணைக் கட்டுரை’ என்ற குறிப்புடன். பட்டியலைக் காட்டும் நிபந்தனை போய்விட்டது. இரு தரப்பும் 30 நாள் முன்னறிவித்தலோடு விலகலாம். கைப்பேசியில் தளத்தைத் திறந்ததும் முதல் திரையிலேயே அவர்களுடைய பதாகை வர வேண்டும் என்று மகள் விடாப்பிடியாக நின்றார், அதற்கு இணங்கினேன். கொஞ்சம் அழகு குறையும், பரவாயில்லை.

ஒரு சந்தேகம். காசோலையைத் தளத்தின் பெயருக்கு எழுதுவோம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு மட்டும்.

பேரேடு:

குறுக்குக் கோடிட்டுத் தளத்தின் பெயருக்கு எழுதினால் உங்கள் சேமிப்புக் கணக்கில் வங்கி வைப்பிலிடாது. இப்போதைக்கு உங்கள் சொந்தப் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள், ஒப்பந்தத்திலும் ‘இன்ன தளத்தை நடத்தும் இன்னார்’ என்றே இருக்கட்டும். பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தச் சான்றிதழைக் காட்டி நடைமுறைக் கணக்கு திறக்கலாம். முதல் காசோலை எழுதுமுன் இதைச் சொல்லிவிடுங்கள், எழுதிய காசோலையை மாற்ற இன்னொரு மாதம் போய்விடும்.