குழாய்த்திரளல்: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம் ஐயா,

பரிசோதனைக் குழாய்க்குள் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்டுகள்) ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணிக்கை குறைந்து தெரிவதற்கு நீங்கள் சொன்ன 'சிறுதட்டு உறைதல்' என்ற பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. வன்னியில் எருமை கட்டித் தயிர் போட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். பால் சட்டியோடு இறுகுவது உறைதல். அந்தத் தயிரைக் கடையும்போது மோருக்குள் வெண்ணெய் துணுக்குத் துணுக்காகச் சேர்வது திரளல். இங்கே நடப்பது இரண்டாவதுதான். குருதி நீர்மமாகவே இருக்கிறது, சிறுதட்டுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

குருதி எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கல்சியத்தைப் பிடித்துவைத்துக் குருதியை உறையவிடாமல் தடுக்கிறது. ஆனால் கல்சியம் போனதும் சிறுதட்டின் மேற்பரப்புப் புரதம் ஒன்று உருமாறுகிறது. சிலருடைய குருதியிலுள்ள பிறபொருளெதிரி (அன்டிபொடி) அந்த இடத்தில் ஒட்டிச் சிறுதட்டுகளைப் பிணைத்துவிடும். எண்ணும் இயந்திரம் திரளுக்குள் இருப்பவற்றைத் தனித்தனியே எண்ணாது. சில வேளை திரளையே வெண்குழியமென்று எண்ணிவிடும்.

ஒரு மாரியில் எங்கள் மாமிக்குக் காய்ச்சல். பிளேட்லெட் 38,000 என்று அறிக்கை வந்தது. 150,000க்குக் குறையக்கூடாதே! டெங்கு என்று வீடே அழுதது. உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை, ஆனாலும் இரவோடிரவாக வான் பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆய்வுகூடத்திலிருந்த தங்கச்சி ஒருத்தி கண்ணாடித் தகட்டில் குருதியைப் பூசிப் பார்த்தாள். பூச்சின் ஓரமெல்லாம் திரள்கள். ஈ.டி.டி.ஏ.க்குப் பதிலாகச் சித்திரேற்று என்ற வேறொரு உறைதடுப்பி உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, கரைசல் சேர்ந்து ஐதானதற்காக 1.1ஆல் பெருக்கியபோது எண்ணிக்கை சரியாக வந்தது.

அதனால்தான் சொல்லுக்குள் 'குழாய்' வேண்டும் என்கிறேன். பிழை மாமியின் உடம்பில் இல்லை, குழாய்க்குள் நடந்தது என்பது சொல்லைக் கேட்டதுமே விளங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ.யைப் பெயரில் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். சிலருக்குச் சித்திரேற்றிலும் திரள்கிறது, அப்போது பெயர் பொய்த்துவிடும்.

'போலிக் குறைவு' என்பதும் வேண்டாம். யாரோ ஏமாற்றியதுபோல் ஒலிக்கிறது. குறைந்து தெரியும் எண்ணிக்கைக்குத் 'தோற்றக்குறைவு' போதும். திரட்சியா, திரளலா என்றால் திரளல்தான், திரட்சி பருமனையும் குறிக்கும்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: 'குழாய்த்திரளல் காணப்பட்டது. எண்ணிக்கை தோற்றக்குறைவாக இருக்கலாம். சித்திரேற்றுக் குழாயில் மீள எடுக்கவும்.'