வெள்ளத்தில் இறங்கியவர் ஒருவர், காசு பார்த்தவர் வேறொருவர்

அம்பாசமுத்திரம் பகுதி நிருபர்:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீடியோ எடுத்தேன். மறுநாள் பல யூடியூப் சேனல்களில் அது ஓடியது. என் பெயரே இல்லை. அந்த விளம்பரக் காசெல்லாம் யாருக்குப் போகிறது அண்ணாச்சி?

பாளையங்கோட்டைக்காரர்:
தம்பி, நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு, மீதி யூடியூபுக்கு. எடுத்தவருக்கு ஒன்றும் இல்லை, அதுதான் வயிறெரிகிறது. உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் பதிப்புரிமைப் புகார் போடுங்கள். யூடியூபிலேயே படிவம் இருக்கிறது.

தென்காசி வாசகி:
ஆஸ்திரேலியா 2021இல், கூகுளும் ஃபேஸ்புக்கும் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் இங்கே வந்தாலும் பணம் முதலாளியோடு நின்றுவிடக் கூடாது. ஊர் நிருபருக்கும் பங்கு வேண்டும்.

அம்பாசமுத்திரம் பகுதி நிருபர்:
சரி அண்ணாச்சி, அசல் கோப்பு தேதியோடு இருக்கிறது. இன்றைக்கே புகார் போடுகிறேன்.